ஒன்பதரை

காலை ஏழே முக்காலுக்கு எங்கள் ரத்த வங்கியில் நடக்கும் முதல் வேலை, என் விரலைக் குத்துவது.

தானம் கொடுக்க வருகிறவர்களுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உள்ளங்கை அகலத்தில் ஒரு மெஷின் வைத்திருக்கிறோம். விரல் நுனியில் ஊசி, ஒரு சொட்டு ரத்தம், பத்து நொடியில் எண் வந்துவிடும். பன்னிரண்டரைக்கு மேல் இருந்தால் கட்டிலில் படுக்கலாம். கீழே இருந்தால் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மெஷின் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று தினமும் சோதிக்க வேண்டும். அதற்கென்று கம்பெனிக்காரன் இரண்டு குப்பி திரவம் கொடுப்பான், ஒன்று அதிக அளவு, ஒன்று குறைந்த அளவு. குறைந்த அளவுக் குப்பி எப்போது கேட்டாலும் தீர்ந்து போயிருக்கும், இல்லாவிட்டால் தேதி முடிந்திருக்கும்.

அப்படி ஒரு நாள் குப்பி இல்லாமல் எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றபோது எங்கள் ஸ்டோர்க்காரர் ஒரு வழி சொன்னார். ரத்தப் பைகள் இருக்கும் குளிர்பெட்டிகளின் சாவி அவரிடம்தான், அதனால் அவருக்கு ஐஸ்பெட்டி என்று பெயர்.

"குப்பி எதுக்கு? நம்ம தங்கச்சி விரல் இருக்கே! எப்பக் குத்தினாலும் ஒன்பதரை."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், வெட்கங்கெட்டவள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எட்டு வருஷம். என் விரல் ஒன்பதரை காட்டினால் மெஷின் நன்றாக இருக்கிறது. பத்தரை காட்டினால் மெஷினில் கோளாறு, சர்வீஸ் ஆளைக் கூப்பிடு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கை பழகுவதும் என் விரலில்தான். எனக்கே ஒன்பதரை என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. இரண்டு டாக்டர், ஆறு டெக்னீஷியன், காலையிலிருந்து மாலை வரை ரத்தத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத கூட்டம். அதில் ஒரு ஆளுக்காவது, ஏன் இந்தப் பெண்ணுக்கு எட்டு வருஷமாக ரத்தம் ஏறவே இல்லை என்று தோன்றவில்லை. பொம்பளை என்றால் ரத்தம் குறைவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆறு டெக்னீஷியனில் ஒருத்தி நான்.

வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மூன்று முறை கரு தங்கி மூன்றும் கலைந்தது. முதலாவது ஒன்பதாவது வாரம். இரண்டாவது பதினான்காவது வாரம், அதற்குள் அதற்குக் கை கால் வந்திருந்தது. பிறகு ஐந்து வருஷம் ஒன்றுமே நிற்கவில்லை. கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். எனக்கு முப்பத்தைந்து வயதில் முட்டை எடுத்து, வெளியே கருவாக்கி, மூன்று கருவை உறைய வைத்தார்கள். ஒன்று ஒட்டவில்லை. ஒன்று ஒட்டி, எட்டாவது வாரம் போனது. மிச்சம் ஒன்று. இன்னொரு முறை எடுக்க எனக்கு முட்டை இல்லை என்று மையத்தின் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கடைசிக் கருவை அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என் வயிற்றில் வைப்பதாக நாள் குறித்திருந்தார்கள்.

அதற்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் பஸ் ஓட்டுகிற அந்தப் பெண் வந்தாள்.

டிரைவர் சட்டையோடு, இடுப்பில் இரண்டரை வயதுக் குழந்தையோடு, நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

முகம் தெரிந்த மாதிரி இருந்தது. சிரித்து வைத்தேன்.

"சிரிக்காதீங்க. நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் நீங்கதான் குத்திப் பார்த்தீங்க. நாலு தடவையும் ஒரே சீட்டு. கீரை சாப்பிடு, இரும்பு மாத்திரை சாப்பிடு, மூணு மாசம் கழிச்சு வா."

"ரூல்ஸ் அப்படிங்க. பன்னெண்டரைக்குக் கீழ..."

"ரூல்ஸை யாரு கேட்டா? நீங்க சொன்ன மாத்திரையை ஒரு நாள் விடாம முழுங்கினேன். வயிறு கல்லாச்சே தவிர ரத்தம் ஏறலை. மாத்திரை தின்னும் ஏன் ஏறலைன்னு நாலு தடவையில ஒரு தடவை கேட்டீங்களா? எனக்கு ரெண்டு கலைஞ்சிருக்கு. அப்ப யாரோ கொடுத்த ரத்தத்துலதான் பிழைச்சேன். அதைத் திருப்பிக் கொடுக்கணும்னுதானே இங்க வந்து நின்னேன்? கதவைக் காட்டி அனுப்பினீங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. இது என்னடா வம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் நிறுத்துவதாக இல்லை.

"கடைசியில வேற ஊருக்குப் போன இடத்துல ஒரு டாக்டர் கேட்டார். சீலியாக்காம். கோதுமையில இருக்கற ஒரு புரதம் எனக்கு ஆகாதாம். ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் எது தின்னாலும் என் உடம்பே என் குடலை அரிச்சிருக்கு. இரும்பும் உள்ள போகலை, ஒரு சத்தும் போகலை. கோதுமையை அடியோட விட்டேன். ஒண்ணரை வருஷத்துல இவ வயித்துல வந்தா. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு அந்த டாக்டர் சொல்லலை. எனக்கு ஆச்சு. இப்பக் குத்துங்க."

குத்தினேன். பதின்மூன்று புள்ளி ஒன்று.

கட்டிலில் படுக்க வைத்து நரம்பில் ஊசி ஏற்றினேன். அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? உங்களுக்கு எவ்வளவு?"

"ஒன்பதரை."

"எத்தனை வருஷமா?"

நான் பிளாஸ்திரியை எடுத்து ஊசி மேல் ஒட்டினேன். அவள் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"நீங்க இங்கதானே வேலை பார்க்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அடுத்த வாரம் மையத்தில் ஸ்கேன் இருந்தது. என் கணவரும் கூட வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய டாக்டர் முன்னால் உட்காரும்போது மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொள்வார். பெரிய டாக்டர் பெண்மணிதான். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணின் கஷ்டம் தெரியும் என்று சொல்கிறவர்களை நான் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க ஆசைப்படுகிறேன்.

"டாக்டர், எனக்கு சீலியாக் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?"

"அது எதுக்கு?"

"எனக்கு ரத்தம் ஏறவே மாட்டேங்குது. மூணு கலைஞ்சிருக்கு. காரணம் தெரியலைன்னு நீங்களே ஃபைல்ல எழுதியிருக்கீங்க."

"வயித்துப்போக்கு இருக்கா?"

"இல்ல."

"எடை குறைஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? அந்த வியாதிக்காரங்க எலும்பும் தோலுமா இருப்பாங்க. உங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று சிரித்தார். "கண்டதையும் படிச்சுக் குழப்பிக்காதீங்க. மனசை அமைதியா வெச்சுக்கங்க." பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க பார்த்துக்கங்க சார்" என்றார். அவர் தலையை ஆட்டினார். என்னைப் பற்றி என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள்.

'காரணம் தெரியாத மலட்டுத்தன்மை.' என் ஃபைலின் முதல் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. சாவியைத் தேடவே தேடாமல் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்கிறவனை வீட்டில் சும்மா விடுவோமா? இவர்கள் எழுதி, சீல் குத்தி, ஃபைலுக்குள் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை என் விரலைக் குத்த மெஷினோடு வந்த பெண்ணிடம் கையை நீட்டி, "விரல் வேணாம், நரம்புலயே எடு, ஒரு குழாய் முழுக்க" என்றேன். ஐஸ்பெட்டி அந்தக் குழாயைத் தானே எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நாள் கழித்துத் தாளும் அவர்தான் கொண்டுவந்தார். சீலியாக்குக்கான ஆன்டிபாடி, இருக்க வேண்டியதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அவர் மேஜை மேல் தாளை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, நான் அன்னிக்கு விளையாட்டாதான்..."

"போங்கண்ணே, எல்லாரும் விளையாட்டாதான் பண்ணினோம்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வயிற்று டாக்டர் ஒருவர் இருக்கிறார், என்னைவிடச் சின்னவர். தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய் வழியாகக் கேமரா விட்டு, சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார். ஒன்பது நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அதுவரைக்கும் கோதுமையை நிறுத்தாதீங்க. நிறுத்தினா குடல் தேற ஆரம்பிச்சிடும், பார்க்கறப்பத் தெளிவா தெரியாது."

ஆக, என் மூன்று பிள்ளைகளைத் தின்றிருக்கலாம் என்று நான் சந்தேகப்படும் அதே பொருளை இன்னும் ஒன்பது நாள் நான் தின்ன வேண்டும். தெரியாமல் தின்றது போக, தெரிந்தே.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். பிரெட், பிஸ்கட் டப்பா, மாவு டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கீழே குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார்.

"இன்னிக்கே நிறுத்திடு. பதினெட்டாம் தேதிக்கு இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு, அதுக்குள்ள சரியாயிடும்."

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்ங்க. போய் வாங்கிட்டு வாங்க."

"விஷம்னு தெரிஞ்சும் நானே வாங்கிட்டு வரணுமா?"

"ஆமா! வாங்கிட்டு வாங்க!"

நான் கத்தியதும் அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "கோபப்படாத. குடி" என்றார். இதுவும் எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு வருஷமாக நான் குரலை உயர்த்தினால் தண்ணீர் வரும். நல்ல மனுஷன் என்று நினைத்து நானும் குடித்துக்கொண்டிருந்தேன். கோபத்தை மென்று முழுங்க அந்தத் தண்ணீர் உதவியது. அன்று குடிக்கவில்லை. நானே கீழே போய் பிரெட் வாங்கி வந்து, அவர் பார்க்க நான்கு துண்டு தின்றேன்.

இதற்கு நடுவில் என் நாத்தனார் வந்தார், கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கருவை வைக்கப் போகிறார்கள், உடம்பில் தெம்பு வேண்டும் என்று ஃபிளாஸ்க் நிறையக் கோதுமைக் கஞ்சி.

"முளைகட்டி, வறுத்து, நானே அரைச்சது. ஒரு வாய் விடாம குடிக்கணும். மூணு பெத்தவ கைப்பக்குவம்" என்றார்.

என்னைக் குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. அவருக்கு மூச்சு விடுவதே அப்படித்தான். முதல் கரு கலைந்தபோதும் இதே கஞ்சிதான், நாற்பது நாள். இரண்டாவது கலைந்தபோதும், மூன்றாவது கலைந்தபோதும் இதேதான். நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து, டம்ளர் டம்ளராக ஊற்றி, அவர் கண்ணைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவர் முகம் பூரித்துப் போயிற்று.

"இது எனக்கு விஷம் அண்ணி. டெஸ்ட்டுக்காகக் குடிக்கறேன்" என்றேன்.

"என் கஞ்சியையா விஷம்ங்கற?"

"உங்க கஞ்சி, என் பிரெட், எங்க ஆபீஸ் பிஸ்கட், எல்லாமே."

அவர் படி இறங்கி முடிப்பதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். 'உன் பொண்டாட்டிக்கு மூளை கலங்கிடுச்சு' என்று சொன்னதாக என் கணவரே என்னிடம் சொன்னார். அதற்கும் ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது.

கேமரா போட்டார்கள். சதைத் துண்டின் ரிசல்ட்டும் வந்தது. வயிற்று டாக்டர் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நல்ல குடலின் உள்பக்கம் தலை துவட்டுகிற புதுத் துண்டு மாதிரி பொசபொசவென்று இருந்தது. என்னுடையது பத்து வருஷம் அடித்துத் துவைத்துத் தேய்ந்துபோன துண்டு.

"வயித்துப்போக்கு இல்லாம, இளைக்காம, ரத்தசோகை மட்டும் காட்டற ஆட்கள் நிறைய பேர் இருக்காங்க. குழந்தை நிக்கலைன்னு போற இடத்துலதான் சில பேருக்குத் தெரியவே வருது" என்றார்.

"எனக்கு மூணு போனது இதனாலதானா?"

"கண்டுபிடிக்காம விட்ட சீலியாக்ல கரு நிக்காம போறதும் கலையறதும் அதிகமா இருக்குன்னு தெரியும். உங்க மூணும் இதனாலதான்னு என்னால கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. இருக்கலாம்."

இருக்கலாம். ஆமாம் என்றிருந்தால் யாரையாவது சட்டையைப் பிடித்திருப்பேன். இல்லை என்றிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். இந்த 'இருக்கலாம்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வது?

"பதினெட்டாம் தேதி கரு வைக்கறாங்க டாக்டர்."

"தள்ளி வைங்க. கோதுமையைச் சுத்தமா நிறுத்துங்க. ரத்தம் ஏறட்டும், ஆன்டிபாடி இறங்கட்டும். எட்டு மாசம், பத்து மாசம், ஒரு வருஷம்கூட ஆகலாம். இப்ப இருக்கற நிலமையில உங்க உடம்பு உங்களுக்கே சாப்பாடு போடலை."

அன்று மாலை என் கணவரோடு சண்டை. அவருக்கு ஒரே பாட்டு. "இவ்வளவு தூரம் வந்துட்டோம். பெரிய டாக்டருக்குத் தெரியாதா? தள்ளிப் போட்டா உனக்கு முப்பத்தொன்பது ஆயிடும்."

"லிஃப்ட் மூணு தடவை நடுவுல நின்னா என்ன பண்ணுவீங்க? ஏன் நின்னுச்சுன்னு பார்ப்பீங்களா, நாலாவது தடவையும் ஆளை ஏத்திப் பட்டனை அழுத்துவீங்களா?"

"இது லிஃப்ட் இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன்! லிஃப்ட்டுக்குப் பார்க்கற பார்வைகூட எனக்கு இல்லையா?"

அவர் டம்ளரை எடுக்கப் போனார். "தண்ணி கொண்டு வந்தீங்கன்னா தலையிலயே ஊத்திடுவேன்" என்றேன். நின்றுவிட்டார்.

பதினான்காம் தேதி இருவரும் பெரிய டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். ரத்த ரிசல்ட், குடல் படம், வயிற்று டாக்டரின் கடிதம், மூன்றையும் மேஜையில் வைத்தேன். அவர் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"சரி, இருக்கட்டும். கோதுமை சாப்பிடாதீங்க. பதினெட்டாம் தேதி நாம நம்ம வேலையைப் பார்ப்போம்."

"ஒரு வருஷம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்."

"குடல் டாக்டர் குடலைப் பார்க்கட்டும். கருப்பையை நான் பார்த்துக்கறேன்."

"ரெண்டும் ஒரே உடம்புலதானே இருக்கு?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாருங்கம்மா. உங்களுக்கு முப்பத்தெட்டு. வயசு உங்களுக்காக நிக்காது."

"என் வயசு நிக்காது. அந்தக் கருவோட வயசு நிக்கும். அது முப்பத்தஞ்சுல எடுத்த முட்டை. இப்ப நைட்ரஜன்ல மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறுல கிடக்கு. பதிமூணு வருஷமா குளிர்பெட்டி பக்கத்துலயே நிக்கறவ டாக்டர் நான். சிவப்பணுப் பை நாப்பத்திரெண்டு நாள் தாங்கும். தட்டணுப் பை அஞ்சு நாள் தாங்கும். உறைய வெச்ச கரு ஒரு வருஷத்துல கெட்டுப் போகும்னு எங்கயாவது எழுதியிருந்தா எடுத்துக் காட்டுங்க, இப்பவே படுத்துக்கறேன்."

அவர் காட்டவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். 'மருத்துவரின் ஆலோசனையை மீறி, எங்கள் சொந்தப் பொறுப்பில் ஒத்திவைக்கிறோம்.' கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம், மனைவி, கணவர்.

"ரெண்டு பேரும் போடணும். ஒருத்தர் போடலைன்னா பழைய ஒப்புதல்படி பதினெட்டாம் தேதி அப்படியே இருக்கும். ஒரு வருஷம் கழிச்சு வந்து இங்க அழக் கூடாது."

நான் போட்டேன். படிவத்தை என் கணவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்தார். என்னை யாரும் பிடித்துக் கட்டி வைத்துக் கருவை வைத்துவிடப் போவதில்லைதான். ஆனால் அவர் கையெழுத்துப் போடாவிட்டால், நாலு நாளும் அண்ணி, போன், கெஞ்சல், தண்ணீர், கடைசியில் நானே படுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். முன்பு இரண்டு முறையும் அப்படித்தான் படுத்திருக்கிறேன்.

அவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"டாக்டர், எட்டாவது வாரம் கலைஞ்சப்ப என்னை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டீங்கல்ல."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. இவ ரொம்பக் கோபக்காரி, அந்த டென்ஷன்லதான் கரு தங்க மாட்டேங்குது, கோபப்படாம பார்த்துக்கங்கன்னு சொன்னீங்க. இவகிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னீங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொதுவா சொல்லியிருப்பேன் சார். எல்லாருக்கும் சொல்றதுதான் அது."

"எல்லாருக்குமா?" என்று கேட்டார் என் கணவர். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

வெளியே வந்தோம். மையத்தின் வாசலில் ஆறு படி. மூன்றாவது படியில் என் கால் நின்றுவிட்டது.

"நீ நம்பினியா?" என்றேன். பதினோரு வருஷமாக நீங்க வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

"கேளு..."

"நம்பினியா, இல்லையா?"

"நம்பினேன்."

"என் வாய்தான் அதைக் கொன்னுச்சுன்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டு என் பக்கத்துலயே படுத்திருந்தியா?"

"உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு..."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அவங்க மேஜையைத் தலைகீழாக் கவுத்திருப்பேன்! என் ஃபைல்ல காரணம் தெரியலைன்னு எழுதிட்டு உன்கிட்ட நான்தான் காரணம்னு சொல்லியிருக்காங்க. அதைக் கேட்டுட்டு வந்து நீ எனக்குத் தண்ணி குடுத்திருக்க!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். வாட்ச்மேன் எழுந்து வந்து, "அம்மா, கொஞ்சம் மெதுவா" என்றார். "நீங்க உட்காருங்க அண்ணே, நான் மெதுவா பேசற காலம் முடிஞ்சுபோச்சு" என்றேன். அவர் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார்.

கத்தினேன். இரண்டாவது கருவுக்குக் கை கால் வந்திருந்ததைச் சொல்லிக் கத்தினேன். அது ஆணா பெண்ணா என்று நர்ஸிடம் கேட்க வாயெடுத்தபோது அவர் 'டென்ஷன் ஆகாத' என்று என் வாயை அடைத்ததைச் சொல்லிக் கத்தினேன். நாற்பது நாள் கஞ்சியை, எட்டு வருஷம் குத்துப்பட்ட விரலை, நான் சீட்டு எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிய எண்ணிக்கை தெரியாத பெண்களை, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். என் கணவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்கவும் இல்லை.

எனக்கு மூச்சு வாங்கியது. ஒன்பதரை ரத்தத்துக்கு அவ்வளவு கத்துவது அதிகம்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்து பிடிக்க வந்தார். கையைத் தட்டிவிட்டேன்.

"நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்றார்.

"உள்ள இருக்கற அது ஒரு வருஷம் கெடாம இருக்கும். அதைப் பத்திப் பயப்படாத. நம்மளை யாரும் நைட்ரஜன்ல வெக்கலை. நாம கெடாம இருப்போமான்னு எனக்குத் தெரியலை."

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சமாதானம் சொல்லத்தான்.

"ஒண்ணும் சொல்லாத. ஒண்ணும் பண்ணாத. நான் கத்தி முடிக்கற வரைக்கும் இங்கயே உட்காரு. எங்கயும் போகாத."

அவர் உட்கார்ந்தார். நான் இன்னும் முடிக்கவில்லை.